துளை சிறுத்தால் படம் தெளியுமா? – கையால் செய்த ஊசித்துளைக் கேமராக்கள்

9 நவம்பர் 2024 – வாசகர் கேள்வி

துளை எவ்வளவு சிறிதோ, படம் அவ்வளவு தெளிவு என்றுதான் பள்ளியில் படித்தோம். பால்பவுடர் டின்னில், கிடைத்ததிலேயே மெல்லிய ஊசியின் நுனியால், கண்ணுக்கே தெரியாத அளவில் துளையிட்டேன். உள்ளே போட்டோ தாள். ஐந்து நிமிடம் திறந்து வைத்தும் பனிமூட்டத்தில் எடுத்ததுபோல் படம் வருகிறது. கையால் போட்ட துளை சரிவராது, லேசரில் வெட்டியதை வாங்க வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா?

9 நவம்பர், இரவு

லேசர் வேண்டாம். உங்கள் துளை மிகவும் சிறியது. கோளாறு அதுதான்.

துளை பெரிதாக இருந்தால், எதிரில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் தாளில் ஒரு வட்டமாக விழும். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படம் கலங்கும். துளையைச் சிறிதாக்கினால் வட்டமும் சுருங்கும். பாடநூல் இதோடு நிறுத்திவிடுகிறது. ஆனால் ஓர் அளவுக்குக் கீழே போனதும் ஒளி துளையின் ஓரத்தில் வளைந்து விரிய ஆரம்பிக்கும். மேல்வகுப்பில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அது. அப்போது வட்டம் மறுபடியும் பெருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு ஒன்று உண்டு. ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1891இல் ஊசித்துளைப் படங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். எந்த டின்னாக இருந்தாலும் 0.3 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

10 நவம்பர், காலை

‘எந்த டின்னாக இருந்தாலும்’ என்று நேற்று எழுதியது தவறு. அடித்துவிடுங்கள்.

துளைக்கும் தாளுக்கும் இடையிலான தூரத்தைப் பொறுத்தே அளவு மாறும். அந்தத் தூரத்தையும் ஒளியின் அலைநீளத்தையும் மில்லிமீட்டரில் பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுங்கள். அதை 1.9ஆல் பெருக்கினால் விட்டம் கிடைக்கும். பச்சை ஒளிக்கு அலைநீளம் 0.00055 மி.மீ. இந்தக் கணக்குப்படி 5 செ.மீ. ஆழத்துக்கு 0.32, 10 செ.மீ. ஆழத்துக்கு 0.45, 20 செ.மீ. ஆழத்துக்கு 0.63. ஆழம் நான்கு மடங்கானால் துளை இரண்டு மடங்குதான் ஆகிறது. பால்பவுடர் டின் சுமார் 10 செ.மீ. குறுக்களவு இருக்கும். நீங்கள் போட்டது 0.15 அளவில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

10 நவம்பர், மாலை

துளை போடும் விதத்தைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இதில்தான் ஈடுபாடு அதிகம். விரிவாகவே எழுதுகிறேன்.

டின்னின் தகட்டிலேயே துளையிடக் கூடாது. அது தடிமன். துளை குழாய்போல் ஆகிவிடும். ஓரங்களுக்கு வெளிச்சம் போகாது. டின்னில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன்மேல் மெல்லிய தகட்டுத் துண்டை ஒட்ட வேண்டும். தகடு குளிர்பான டின்னில் கிடைக்கும். அதன் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். கத்தரிக்கோலே வெட்டும்.

இரண்டு விரல் அகலத் துண்டை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைமேல் வையுங்கள். ஊசியைச் செங்குத்தாகப் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். குத்தக் கூடாது. பின்பக்கம் கடுகளவு மேடு எழும்பினால் போதும், நிறுத்திவிடுங்கள். தகட்டைத் திருப்பி, மேட்டைத் தண்ணீர் தொட்ட 600 நம்பர் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பத்துச் சுற்று, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, மறுபடி பத்துச் சுற்று. திடீரென்று ஒரு நட்சத்திரம் தெரியும். அந்தக் கணத்துக்காகவே நான் தேவைக்கு மேல் பல தகடுகள் செய்து வைத்திருக்கிறேன். பிறகு ஊசி நுனியை உள்ளே விட்டு விரல்களுக்கு இடையில் உருட்டினால் பிசிறு உதிரும். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை லேசான தேய்ப்பு.

அளப்பதற்கு ஸ்கேனர் போதும். அங்குலத்துக்கு 2400 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, துளையின் குறுக்கே புள்ளிகளை எண்ணுங்கள். 38 புள்ளி வந்தால் 0.40 மி.மீ. வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது அளவைவிட முக்கியம். பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும் சரியான அளவுத் துளையைவிட, கொஞ்சம் பெரிதான சுத்தமான வட்டம் நல்ல படம் தரும். இதை என் கையால் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

12 நவம்பர்

இன்னொரு திருத்தம். நேற்று பஸ்ஸில் வரும்போது உறைத்தது. பச்சை ஒளிக்கு 0.00055 என்று கணக்குப் போட்டேன். ஆனால் கருப்பு வெள்ளைப் போட்டோ தாள் பெரும்பாலும் நீலத்தைத்தான் பார்க்கிறது. நீலத்துக்கு 0.00045 போட்டால், 10 செ.மீ. டின்னுக்கு 0.40 வருகிறது. ஸ்கேனரில் அந்த 38 புள்ளி. தாள் போடுகிறவர்கள் இந்த அளவையும், பிலிம் போடுகிறவர்கள் முன் சொன்னதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரியுமா என்றால், எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கணக்கு சரியாக இருக்கட்டும்.

17 நவம்பர்

எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? ஆழத்தைத் துளையால் வகுத்தால் எஃப் எண்; அது கூடக்கூட உள்ளே விழும் வெளிச்சம் குறையும். 100ஐ 0.4ஆல் வகுத்தால் 250. சாதாரணக் கேமராவில் நல்ல வெயிலுக்கு எஃப் 16 வைப்போம். 250ஐ 16ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 244 வரும். அத்தனை மடங்கு நேரம் வேண்டும். தாளின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், பிலிம் கணக்கில் 6 என்று கொண்டால், எஃப் 16இல் ஆறில் ஒரு விநாடி. ஆகவே 40 விநாடி. இதோடு நிற்காது. வெளிச்சம் மங்கலாக நெடுநேரம் விழும்போது தாள் சோர்ந்துவிடும். கணக்குப் போட்டதற்கு மேல் கொடுக்க வேண்டும். திண்டுக்கல் வெயிலில் காலை பத்து மணிக்கு ஒன்றரை நிமிடம் வைக்கிறேன். நிழலில் எட்டு நிமிடம் வரை போயிருக்கிறேன்.

கேள்வி கேட்டவரின் 0.15 துளைக்கு இதே கணக்கில் ஐந்து நிமிடம் வெறும் தொடக்கம். படம் மங்கலானதற்கு அது இரண்டாவது காரணம்.

டின்னின் உட்புறத்துக்குக் கரும்பலகைப் பெயிண்ட் அடியுங்கள். பளபளப்புப் பெயிண்ட் வேண்டாம். மூடியின் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள். கதவு என்பது ஒரு துண்டுக் கருப்பு இன்சுலேஷன் டேப். பிரிக்கும்போது டின் அசையாமல் இருக்க உள்ளேயோ மேலேயோ ஒரு கல்லை வைத்துக்கொள்ள வேண்டும். நான் மேலே அரைச் செங்கல் வைக்கிறேன்.

23 நவம்பர்

பூஜையறைச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு, தாளைக் கழுவும் இருட்டறைக்கு உதவுமா என்று கேட்டவருக்கு: சில பல்புகள் உதவும், சில உதவாது. கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. இருட்டில் ஒரு துண்டுத் தாளை வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, பல்பை ஐந்து நிமிடம் எரியவிட்டு, தாளை டெவலப்பரில் (படத்தை எழுப்பும் கரைசல்) போடுங்கள். நாணயத்தின் வட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பல்பு ஆகாது. என் முதல் பல்பில் வட்டம் மட்டுமல்ல, அதன் விளிம்புகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

1 டிசம்பர்

டெவலப்பர் கிடைக்காதவர்கள் காப்பியில் கழுவலாம். இது வதந்தி இல்லை. 1995இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் செய்து காட்டியது. காப்பியில் உள்ள காபிக் அமிலம் படத்தை எழுப்புகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பித் தூள் 40 கிராம். இந்த வரிசையிலேயே கரைக்க வேண்டும்.

இன்று செய்து பார்த்தேன். பதினைந்து நிமிடம் ஆட்டியும் தாள் வெள்ளையாகவே இருக்கிறது. காரணம் தெரியவில்லை.

1 டிசம்பர், இரவு

காரணம் தெரிந்துவிட்டது. வீட்டில் இருந்த ஆப்பச்சோடாவைப் போட்டுவிட்டேன். வேண்டியது சலவைச் சோடா. காரம் போதாவிட்டால் காப்பி வேலை செய்யாது.

3 டிசம்பர்

எங்கள் தெரு மளிகையில் சலவைச் சோடா இல்லை. ஆப்பச்சோடாவையே மாற்றிக்கொள்ளலாம். வாணலியில் போட்டு, நல்ல சூட்டில் அரை மணி நேரம் வறுத்தேன். தண்ணீரும் கரியமில வாயுவும் வெளியேறி மிஞ்சுவது சலவைச் சோடா. வறுபடும்போது தூள் ரவை கொதிப்பதுபோல் குமிழியிட்டு நகரும். குமிழி அடங்கினால் முடிந்தது. 100 கிராம் போட்டால் 63 கிராம் கிடைக்கும். எனவே 54 கிராமுக்கு 86 கிராம் வறுக்க வேண்டும். இது கையை அரிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். வறுத்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

இந்தத் தடவை நாற்பதாவது விநாடியில் வானம் கருத்தது. தாளில் வருவது நெகட்டிவ், வெளிச்சம் பட்ட இடம் கருப்பாகும். பிறகு வேப்பமரம், பிறகு மாடிப்படி. நான்கு நிமிடத்தில் முழுப் படமும் வந்துவிட்டது. வாடை மட்டும் சகிக்காது. காப்பி வாசனையை எதிர்பார்க்காதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். சிக்கரி கலந்த டிகாக்‌ஷனிலும் ஒரு தாளைக் கழுவிப் பார்த்தேன். நிழல்போல வந்தது, நின்றுவிட்டது. இன்ஸ்டன்ட் தூளையே வாங்குங்கள். எழுந்த படம் நிலைக்க ஹைப்போ வேண்டும், அதற்கு மாற்று எனக்குக் கிடைக்கவில்லை.

15 டிசம்பர்

அப்பத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். ஒன்றரை நிமிடம் அசையக் கூடாது என்று சொன்னதற்கு, “மூச்சாவது விடலாமா?” என்று கேட்டார். விடலாம் என்றேன். தூணில் சாய்ந்துகொண்டார், அந்தச் சாய்மானம் இல்லாவிட்டால் தலை நின்றிருக்காது.

படத்தில் நெற்றித் திருநீறு சுண்ணாம்புபோல் வெளுத்து எரிகிறது. வெற்றிலைச் சிவப்பேறிய உதடும் சிவப்புக்கல் தோடும் கரிக்கட்டை. தாளுக்குச் சிவப்பு தெரியாது என்று பல தடவை எழுதியிருக்கிறேன், ஆனால் ஒரு முகத்தில் பார்க்கும்போதுதான் அதன் பொருள் புரிகிறது. தோல் சுருக்கங்கள் எல்லாம் ஆழ வெட்டியதுபோல் வந்திருக்கின்றன. வாய் மட்டும் கலங்கல். ஒரு வெற்றிலையை அடக்கிக்கொண்டு மென்றிருக்கிறார். திண்ணைக்கு முன்னால் மேய்ந்த நான்கு கோழிகளில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. ஒன்றரை நிமிடம் நின்றவருக்குத்தான் அந்தத் தாளில் இடம்.

அவருக்குப் படம் பிடிக்கவில்லை. கிழவியாக்கிவிட்டாய் என்றார். ஆனாலும் ஒரு பிரதியை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டார்.

22 டிசம்பர்

இன்று மொட்டைமாடியில் ஒரு குளிர்பான டின்னைக் கட்டிவிட்டேன். ஜூன் 21 வரை தொடமாட்டேன். உள்ளே போட்டோ தாள், துளை 0.3. ஆறு மாதமும் சூரியன் போகும் தடம் தாளில் நேரடியாக எரிந்து பதியும். டெவலப்பரே தேவையில்லை. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2012இல் வைத்து மறந்துபோன ஒரு பியர் டின்னை 2020இல் எடுத்தார்கள். எட்டு ஆண்டுச் சூரியத் தடங்கள், 2,953 வளைவுகள்.

ஆனால் அவர்கள் செய்வதுபோல் நாம் தெற்கே பார்த்துக் கட்டக் கூடாது. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானில் வில்லாக வளைகிறது. நாம் இருப்பது பத்தரைப் பாகை அட்சரேகையில். சித்திரை தொடங்கும்போது உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்துவிடும். பிறகு ஆவணி வரை வடக்குப் பக்கமாகவே போகும். தெற்கு நோக்கிய டின் பாதிச் சூரியனைத் தவறவிடும். நான் கிழக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறேன். உத்தராயணம் முழுவதையும், உதிக்கும் இடம் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதாக, ஒரே தாளில் பிடிக்க வேண்டும்.

தாளைப் பற்றி: சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய ஸ்டூடியோக்காரர் கடையைக் காலி செய்யும்போது பிரிக்காத ‘இந்து’ தாள் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது. நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களையும் பாஸ்போர்ட் படங்களையும் சுமந்த தாள். அந்த ஆலை இப்போது இல்லை. கடைசித் தாளை எதற்குப் பயன்படுத்துவது என்று நெடுநாள் தயங்கினேன். இன்று டின்னுக்குள் வைத்தேன்.

26 டிசம்பர்

சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2019 டிசம்பர் 26 காலையில், கங்கண சூரிய கிரகணம் எங்கள் ஊர் வழியாகப் போனது. எல்லோரும் கண்ணாடி தேடினார்கள். நான் வேப்பமரத்தடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஊசித்துளை. முதலில் ஆயிரம் பிறைகள், ஒன்பதரை மணி வாக்கில் ஆயிரம் வளையல்கள். ஒரு சிறுமி தன் பாவாடையில் விழுந்த வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபு அறிஞர் இபின் அல்-ஹைதம் கிரகணப் பிறையைத் துளை வழியே பார்த்து, பெரிய துளையில் அது ஏன் மறைந்துபோகிறது என்று தனி நூலே எழுதினார். இந்த இழையின் முதல் கேள்வியும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

18 ஜனவரி 2025

நெகட்டிவைப் போனில் பிடித்து நிறம் மாற்றினேன், ஆனால் கடைப் பலகையில் எழுத்துகள் தலைகீழாக நிற்கின்றன என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அரை வட்டம் திருப்பினால் நேராகும், ஆனால் இடமும் வலமும் மாறியே இருக்கும். ஏனென்றால் நாம் தாளைத் துளை இருந்த பக்கத்திலிருந்து பார்க்கிறோம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒரு தடவை புரட்டினால் சரியாகிவிடும். நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. பலகை இல்லாத படங்களில் நானும் ஒரு காலம் கவனிக்கவே இல்லை. என் வீட்டு மாடிப்படி இடப்பக்கம் ஏறும் படங்கள் இன்னும் சில இருக்கின்றன.

9 பிப்ரவரி

பெரிய துளையால் பெரிய கேமரா செய்யலாமா என்ற கேள்விக்கு: 2006இல் கலிபோர்னியாவின் எல் டோரோ பழைய விமானத்தளத்தில், விமானக் கொட்டகை ஒன்றையே இருட்டடைத்துக் கேமராவாக்கினார்கள். நூறடிக்கு மேல் அகலமான துணியில் ஒளிப்பசை பூசித் தொங்கவிட்டார்கள். துளை 6 மி.மீ.; திறந்து வைத்தது 35 நிமிடம். நவம்பர் 10 கணக்கைத் திருப்பிப் போட்டால், 6 மி.மீ. துளை சுமார் 18 மீட்டர் ஆழத்துக்கு உரியது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் ஓர் அறையை இருட்டாக்கி 15 மி.மீ. ஓட்டை போட்டாலே எதிர்ச் சுவரில் தெரு தலைகீழாக ஓடும். படம் மழுங்கலாக இருக்கும். பார்ப்பதற்கு அது போதும். ஹம்பி விரூபாட்சர் கோவிலில் ராஜகோபுரம் தலைகீழாகச் சுவரில் விழும் அறைக்கு முன் நான் வரிசையில் நின்றிருக்கிறேன். அங்கே துளை வெறும் கல் இடைவெளிதான்.

27 ஏப்ரல்

இன்று உலக ஊசித்துளைப் படநாள். ஏப்ரல் கடைசி ஞாயிறு, 2001 முதல் நடக்கிறது. காலையில் டின்னோடு கிளம்பினேன், ஆனால் நாளெல்லாம் நீர்மோர்ப் பந்தலிலேயே கழிந்தது.

பழைய கீற்றுப் பந்தல். உச்சிவேளை. தரை முழுக்க வட்டங்கள். கீற்றுகளின் இடைவெளியில் ஒன்றுகூட வட்டமில்லை, கீறல்கள், முக்கோணங்கள். விழுவது மட்டும் வட்டம், ஏனென்றால் அவை சூரியனின் படங்கள். பத்து ரூபாய் நாணயத்தை ஒரு வட்டத்தின்மேல் வைத்தேன்; ஒரு நூல் அளவு ஒளி சுற்றிலும் மிஞ்சியது. சூரியப் படத்தின் குறுக்களவு, துளையிலிருந்து உள்ள தூரத்தில் ஏறத்தாழ நூற்றெட்டில் ஒரு பங்கு. பந்தல் மூன்று மீட்டர் என்றால் 28 மி.மீ. நாணயம் 27. பந்தல்காரர் கயிற்றால் அளந்து பார்த்து, பத்தடி சரிதான் என்றார். மேகம் ஒன்று கடந்தபோது எல்லா வட்டங்களும் ஒரே பக்கமிருந்து அணைந்தன. மேகம் மேற்கே போனது, நிழல் கிழக்கே ஊர்ந்தது.

எடுத்த படம் ஒன்றே ஒன்று. மோர்ப் பானை, சொம்பு, தரையில் வட்டங்கள். குடிக்க வந்தவர்கள் யாரும் பதியவில்லை.

21 ஜூன்

டின்னை இறக்கினேன். மாடிக்குப் போகும்போதே கை நடுங்கியது. டேப்பின் ஓரத்தில் எறும்புப் புற்று மண். உள்ளே கொஞ்சம் ஈரம். தாள் சுவரோடு ஒட்டியிருந்ததைச் சூடு காட்டி மெதுவாகப் பிரித்தேன்.

தாள் பழுப்பும் ஊதாவுமாக இருக்கிறது. கழுவவில்லை, கழுவவும் கூடாது. ஸ்கேனரின் வெளிச்சமே அதைக் கருக்கும், அதனால் ஒரே தடவைதான் வாய்ப்பு. கண்ணாடியைத் துடைத்து, மூடியைப் போட்டு, ஒரு தடவை ஓடவிட்டேன்.

திருப்பி, புரட்டி, நிறம் மாற்றிய பிறகு: கீழே தென்னை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு மாடி. அவற்றுக்கு மேலே ஏறத்தாழ செங்குத்தாக எழுந்து, சற்றே வலப்பக்கம், தெற்கே, சாயும் ஒளிக்கோடுகள். கணக்குப்படி மார்கழிக்கும் ஆனிக்கும் இடையே உதயம் 48 பாகை நகர வேண்டும்; வளைந்த தாளில் அது ஐந்தரை சென்டிமீட்டர். அளவுகோலை வைத்தேன், 54 மி.மீ. இரண்டு ஓரங்களிலும் கோடுகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சூரியன் திரும்பும் நாட்கள். நடுவில் பங்குனியில் அகன்று ஓடுகின்றன. இடப்பக்கம், வைகாசியில், ஏழெட்டு இருண்ட கீறல்கள். கோடை மழைக்கு வானம் மூடியிருந்த காலைகள் அவை. ஒரு கோடு பாதியில் அறுந்து மேலே மறுபடி தொடங்குகிறது. எந்த நாள் என்று தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

22 ஜூன்

முதலில் கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். அதே பால்பவுடர் டின், கையால் தேய்த்த துளை, ஸ்கேனரில் 37 புள்ளி. அவர் வீட்டுக் கிணற்று ராட்டினத்தின் கயிற்றுமுறுக்கு எண்ணும்படி வந்திருக்கிறது. ஒன்று மட்டும்: வலது ஓரத்தில் பிறைபோல் ஒரு கருப்பு நெகட்டிவில் தெரிகிறது. மூடி வழியே வெளிச்சம் கசிகிறது. மூடியின் உள்விளிம்பில் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டு, அதே கிணற்றை மறுபடி எடுத்து அனுப்புங்கள்.